ஒரே வீட்டில் இரண்டு கடிகாரங்கள்: இரவு ஆட்டமும் விடியற்காலை ஷிஃப்ட்டும்

அரைத்தூக்கம் | செப்டம்பர் 12, 2025, வெள்ளி, மாலை 6.20

வணக்கம். நான் பெங்களூரு பி.டி.எம். லேஅவுட்டில், இரண்டு படுக்கையறைகள் கொண்ட வீடொன்றில் வேறு இருவருடன் குடியிருக்கிறேன். வாடகை 33,000 ரூபாய். பெரிய அறையை நானும் வங்கியில் பணிபுரியும் நண்பர் ஒருவரும் பகிர்ந்துகொண்டு ஆளுக்கு 10,000 கொடுக்கிறோம். சிறிய அறையைத் தனியாக வைத்திருப்பவர் 13,000 கொடுக்கிறார். சிக்கல் அந்தச் சிறிய அறையிலிருந்துதான் வருகிறது.

என் வேலை ஆஸ்திரேலிய வாடிக்கையாளருக்கானது. சிட்னியில் காலை 10 மணி ஆகும்போது இங்கே விடியற்காலை 5.30. அந்நேரத்துக்கு இருக்கையில் இருக்க வேண்டுமென்றால் நான் 4 மணிக்கு எழுந்து, 4.40க்கு வாசலில் வந்து நிற்கும் அலுவலக வண்டியில் ஏற வேண்டும். ஆகவே இரவு 9 மணிக்கே படுத்துவிடுகிறேன். சிறிய அறை நண்பரோ அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்துக்கு வேலை செய்பவர். எலக்ட்ரானிக் சிட்டியில் 10.30க்கு வேலை முடிந்து, 11.15க்கு வீடு வந்து, பத்து நிமிடத்தில் சாப்பிட்டு முடித்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கணினியின் முன் அமர்கிறார். அதிலிருந்து 2 மணிவரை "ஏ சைட், ஏ சைட்", "பின்னாடி பாரு", "டேய், ஒருத்தன்தான் மிச்சம்" என்னும் அறிவிப்புகள் என் தலைமாட்டுச் சுவர் வழியாக வந்துகொண்டே இருக்கின்றன. என் கனவிலும் இப்போது யாரோ குண்டு வைக்கிறார்கள், யாரோ அதைச் செயலிழக்கச் செய்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. அரசின் கிருக ஜோதித் திட்டத்தால் எங்கள் வீட்டுக்கு மின்கட்டணம் பெரும்பாலும் வராமல் இருந்தது. அவர் புதிய கணினி வாங்கிய பிறகு சென்ற மாதம் 200 யூனிட்டைத் தாண்டி, 1,870 ரூபாய் பில் வந்திருக்கிறது.

அவர் கெட்டவர் அல்லர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது நான்கு நாள்கள் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் அவர்தான். அதனாலேயே பேச்சை எடுக்கத் தயக்கமாக இருக்கிறது. இரவு 11 மணிக்கு மேல் விளையாடக் கூடாது என்று கேட்பது நியாயமா?

கோரமங்களா கறார் | செப்டம்பர் 12, இரவு 7.05

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உழைத்துக் களைத்தவன் தூங்குவது தேவை, முப்பது வயதை நெருங்கும் ஓர் ஆள் துப்பாக்கி வைத்து விளையாடுவது ஆசை. தேவைக்கும் ஆசைக்கும் இடையே பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை. ஒரு மாத அவகாசம் கொடுங்கள், கேட்காவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். பி.டி.எம்மில் தனி அறைக்கு ஆள் கிடைக்க ஒரு வாரம்கூட ஆகாது.

ஐந்துக்கு நான்கு | செப்டம்பர் 12, இரவு 11.52

நானும் அந்தச் சிறிய அறை நண்பரின் இனத்தைச் சேர்ந்தவன் என்பதால், அவர் சார்பில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"ஏ சைட்" (குண்டு வைக்கும் இடம்), குண்டு என்றெல்லாம் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர் விளையாடுவது வேலரன்டாகவோ கவுன்ட்டர் ஸ்ட்ரைக்காகவோ இருக்க வேண்டும். இரண்டும் ஐவருக்கு ஐவர் மோதும் ஆட்டங்கள். இரண்டிலும் முதலில் 13 சுற்றுகளை வெல்லும் அணிக்கு வெற்றி. ஒரு மேட்ச் முடிய அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். வீட்டிலிருப்பவர்களுக்கு எளிதில் விளங்காத செய்தி இதுதான்: இந்த ஆட்டத்தைத் தனியொருவர் நினைத்த மாத்திரத்தில் நிறுத்திவைக்க முடியாது. தனியாள் ஆட்டங்களில் ஒரு பொத்தானை அழுத்தினால் உலகமே அசையாமல் நிற்கும். நீங்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். இங்கே மற்ற ஒன்பது பேரும் உயிருள்ள மனிதர்கள். பாதியில் எழுந்தால் நம் அணி ஐந்துக்கு நான்காக நின்று அடி வாங்கும், எழுந்தவருக்குத் தண்டனையும் கிடைக்கும். என் பெயருக்குக் காரணமே அம்மா சாப்பிடக் கூப்பிட்ட ஓர் இரவுதான்.

ஆகவே கதவைத் தட்டி "நிறுத்து" என்று சொல்லாதீர்கள். "இந்த மேட்ச் எப்போது முடியும், இதற்குப் பிறகு இன்னொன்று தொடங்காமல் இருக்க முடியுமா" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எரிச்சல் கிடைக்கும். இரண்டாவதற்கு, நேர்மையான ஆளாக இருந்தால், ஒரு நேரம் கிடைக்கும்.

கறார் நண்பருக்கு ஒரு வார்த்தை. இரவு 11.15 என்பது உங்களுக்கு நள்ளிரவாகத் தெரிகிறது, 10.30க்கு வேலை முடிக்கும் ஒருவருக்கு அது மாலை ஏழு மணி. நீங்கள் மாலை ஏழு மணிக்கு டீக்கடையில் நின்று நண்பர்களோடு பேசுவீர்கள் அல்லவா? அந்நேரத்தில் பெங்களூரில் எந்த டீக்கடையும் அவருக்காகத் திறந்திருக்காது. அவருடைய நண்பர்கள் சென்னையிலும் திருச்சியிலும் ஆளுக்கொரு அறையில் அதேபோல ஷிஃப்ட் முடித்து உட்கார்ந்திருப்பார்கள். ஹெட்செட்டில் நீங்கள் கேட்கும் கூச்சலில் பாதி, ஆட்டத்தைப் பற்றியதாகவே இருக்காது.

அரைத்தூக்கம் | செப்டம்பர் 13, சனி, காலை 7.10

கடைசி வரி உண்மை. சென்ற வாரம் ஒருவருக்குப் பெண் பார்த்த கதை முழுவதையும் சுவர் வழியாகக் கேட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்ன முடிவு சொன்னார்கள் என்பதற்குள் தூங்கிவிட்டேன் என்பதில் எனக்கு இன்னமும் வருத்தம்.

ஆனாலும் அவருக்கு மாலை ஏழு மணியாக இருப்பது எனக்கு நடுச்சாமம். "இதற்குப் பிறகு இன்னொன்று வேண்டாம்" என்று சொல்ல நான் விழித்திருக்க வேண்டும். நான் விழித்திருக்கக் கூடாது என்பதுதானே என் கோரிக்கையே.

மின்கணக்கன் | செப்டம்பர் 13, காலை 9.30

ஒலியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். பில் பழியை மட்டும் அந்த மனிதர் மேல் முழுதாகப் போடாதீர்கள்.

முதலில் திட்டம் எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம். வீட்டின் பழைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டி, கொஞ்சம் கூடுதலாக ஓர் இலவச அளவு நிர்ணயிக்கப்படுகிறது. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் பணம். மொத்தம் 200ஐத் தாண்டிவிட்டாலோ முழுப் பயன்பாட்டுக்கும் பணம் கட்ட வேண்டும். 199க்கும் 201க்கும் நடுவில் ஒரு கிணறு இருக்கிறது. நீங்கள் அதில் விழுந்திருக்கிறீர்கள்.

இப்போது யார் தள்ளிவிட்டது என்று பார்க்கலாம். விளையாடும் கணினி, திரையையும் சேர்த்து 400 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு நாளுக்கு நான்கு மணி நேரம் கணக்கிட்டால் 1.6 யூனிட், மாதத்துக்கு 48. சாதாரண மின்விசிறி 75 வாட். மூன்று விசிறிகள் பத்து மணி நேரம் ஓடினால் நாளுக்கு 2.25 யூனிட், மாதத்துக்கு 67க்கும் மேல். கீசர் 2,000 வாட். மூன்று பேரும் ஆளுக்குக் கால் மணி நேரம் போட்டால் மாதம் 45 யூனிட். குளிர்பதனப் பெட்டிக்கு ஏறத்தாழ 30. இவற்றின் கூட்டுத்தொகையே 190. சலவை இயந்திரம், மிக்சி, விளக்குகள், ரௌட்டர், மூன்று லேப்டாப்புகள் எல்லாம் சேர்ந்தால் 200ஐத் தாண்டாமல் இருந்தால்தான் வியப்பு.

கணினியை நிறுத்தினால் 48 யூனிட் குறையும் என்பது சரி. மூன்று விசிறிகளையும் 30 வாட்டில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறிகளாக மாற்றினால் 40 யூனிட் குறையும், யாருடைய மகிழ்ச்சியும் குறையாது. விசிறி ஒன்று சுமார் 3,000 ரூபாய் என்றால் ஐந்து மாத பில் தொகையில் முதல் திரும்பிவிடும். பழைய விசிறிகளைப் பத்திரமாக எடுத்து வைத்து, வீட்டைக் காலி செய்யும்போது அவற்றை மாட்டிவிட்டுப் புதியவற்றைக் கழற்றிக்கொண்டு போங்கள். கழற்ற மறந்து உரிமையாளருக்கு இரண்டு விசிறிகளைத் தானம் செய்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கணினிக்காரரிடம் ஒன்றை மட்டும் கேட்கலாம். ஆட்டத்தின் அமைப்பில், நொடிக்கு இத்தனை பிரேம் போதும் என்று வரம்பு வைக்க வழி உண்டு. வரம்பில்லாமல் விட்டால் கிராஃபிக்ஸ் அட்டை, திரையால் காட்டவே முடியாத படங்களையெல்லாம் உழைத்து வரைந்து அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

நாலங்குலச் சுவர் | செப்டம்பர் 13, பகல் 12.15

பெயரே என் அனுபவத்தைச் சொல்லும். பெங்களூரில் வாடகைக்கென்றே எழுப்பப்படும் கட்டடங்களில் இரு அறைகளுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் நான்கு அங்குல சிமென்ட் பிளாக்தான். அதன் வழியே ரகசியம்கூடத் தங்காது. சில வழிமுறைகள் எனக்குப் பயன்பட்டன.

அவருடைய மேசை எந்தச் சுவரை ஒட்டி இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தலைமாட்டுச் சுவராக இருந்தால், மேசையை எதிர்ப்பக்கம் நகர்த்துவதே பாதி வேலை. மேசை சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் விசைப்பலகையின் அதிர்வு நேராகச் சுவரில் இறங்கும். 'டக் டக்' என்று கிளிக் சத்தம் கேட்கிறதென்றால் அது புளூ ஸ்விட்ச் விசைப்பலகையாக இருக்கலாம். அதே விலையில் கிளிக் இல்லாத ரெட் ஸ்விட்ச் கிடைக்கும்.

அதைவிடப் பெரிய காரணம் ஹெட்செட். காதுகளை இறுக மூடும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டவருக்குத் தம் குரலே சரியாகக் கேட்காது. கூடவே காதுக்குள் வெடிச் சத்தம். இரைச்சலுக்கு நடுவே மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துவதை எத்தியேன் லொம்பார் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே விளக்கியிருக்கிறார்; அவர் பெயராலேயே அதை லொம்பார்ட் விளைவு என்கிறார்கள். ஆகவே உங்கள் நண்பர் வேண்டுமென்று கத்தவில்லை. பல ஹெட்செட்டுகளில் சைடுடோன் அல்லது மைக் மானிட்டரிங் என்ற பெயரில் ஒரு வசதி இருக்கும். அதை இயக்கினால் அவர் குரல் அவர் காதிலேயே கேட்கும், தானாகக் குரல் இறங்கும். என் அறைத்தோழருக்கு இதை இயக்கிக் கொடுத்த அன்று, "நான் இவ்வளவு சத்தமாகவா பேசுகிறேன்" என்று அவரே அதிர்ந்துபோனார். இரண்டு வருடமாக நாங்கள் சொன்னபோது வராத அதிர்ச்சி அது.

மாரத்தஹள்ளி விடுதி | செப்டம்பர் 13, பிற்பகல் 3.40

மூவர் தங்கும் பி.ஜி. அறையில் நான்கு வருடமாக இருக்கிறேன். எங்களுக்குச் சுவர் என்ற சொகுசே இல்லை; கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டடி. அதனால் நான் விளையாடுவதெல்லாம் கைப்பேசியில், சத்தமில்லாமல்.

நான் விளையாடுவது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர், இசையையும் ஓவியத்தையும் சேர்த்துத் தாமே உருவாக்கி 2016இல் வெளியிட்ட விவசாய ஆட்டம் அது. அலுவலக வேலை வெறுத்துப்போன ஒருவர் தாத்தா விட்டுச்சென்ற நிலத்துக்குப் போய் பார்ஸ்னிப் என்னும் கிழங்கு போடுவதில் கதை தொடங்குகிறது. வெளிவட்டச் சாலையில் ஒன்றரை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அந்தத் தொடக்கமே போதும். ஆட்டத்தில் ஒரு நாள் என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். இதில் எனக்குப் பிடித்த விதி, இரவு 2 மணிக்குள் படுக்கைக்குப் போகாவிட்டால் நம் ஆள் மயங்கி விழுவான், பையிலிருக்கும் பணத்திலும் கொஞ்சம் போய்விடும் என்பது. அந்த விதியைப் பார்த்துச் சிரித்தபடியே நிஜ இரவு 2 மணிக்கு நான் "இன்னும் ஒரே ஒரு நாள்" விளையாடியிருக்கிறேன். ஆகவே நிறுத்த முடியாத ஆட்டத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். நிறுத்த முடிகிற ஆட்டத்தையும் நிறுத்துவதில்லை.

குரல் அரட்டை பற்றியும் பேச்சு வந்ததால் ஒன்று. அணி ஆட்டங்களில் நான் மைக்கைத் திறப்பதே கிடையாது. பெண் குரல் என்று தெரிந்த அடுத்த நிமிடம் அணியிலுள்ள மற்ற நால்வரில் ஒருவராவது ஆட்டத்தை விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். உங்கள் வீட்டு நண்பர் ஒருவேளை அந்த மற்ற மூவரில் ஒருவராக இருந்தால், அப்போது வாய் திறந்து கண்டிப்பவரா என்று கேட்டுச் சொல்லுங்கள். அப்படியானால் அந்தக் கூச்சலை மட்டும் அனுமதிக்கலாம்.

அலுவலகத்திலும் எங்களுக்கு விளையாட்டு உண்டு. வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்கு 'குழு உணர்வு' வளர்ப்பதற்காக இணையவழி வினாடி வினாவும் படம் வரைந்து கண்டுபிடிக்கும் ஆட்டமும் நடக்கும். விருப்பமிருந்தால் வரலாம் என்று அழைப்பில் இருக்கும்; வராதவர்களின் பெயர் திங்கட்கிழமை கூட்டத்தில் சிரித்துக்கொண்டே வாசிக்கப்படும். 6.30 வண்டியை விட்டால் அடுத்த வண்டி 8 மணிக்கு, பி.ஜி.யில் இரவு உணவு 9.30க்கு முடிந்துவிடும். எந்த ஆட்டமாக இருந்தாலும், எழுந்து போகும் உரிமை இல்லையென்றால் அதற்குச் சம்பளம் தர வேண்டும் என்பது என் கட்சி.

அல்சூர் ஏரிக்கரை | செப்டம்பர் 13, மாலை 5.25

இளைஞர்கள் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற ஒருவன் நுழைவதற்கு மன்னிக்க வேண்டும்.

1998இல் திருவல்லிக்கேணி மேன்ஷனிலிருந்து பெங்களூருக்கு வந்தவன் நான். மேன்ஷன் அறையில் நால்வர். நடுவில் ஒரு கேரம் பலகை. இரவு ஒரு மணிக்கு ஸ்ட்ரைக்கர் பலகையில் மோதும் சத்தம் மூன்றாம் மாடிவரை கேட்கும். யாரும் எதிர்க்காததற்குக் காரணம் பெருந்தன்மை இல்லை. தூக்கம் வராதவனும் வந்து உட்கார்ந்து ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்பதுதான். இப்போது உள்ள சிக்கல், சத்தம் மட்டும் உங்கள் அறைக்கு வருகிறது, ஆட்டம் திருச்சியில் நடக்கிறது.

இங்கே வந்த புதிதில் எங்கள் அலுவலகத்தில் மாலை 7 மணிக்குமேல் உள்வலைப்பின்னலில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம் ஓடும். 1999இல் வந்த ஆட்டம். எங்கள் மேலாளரும் விளையாடுவார். ஒரு மனிதருடன் ஐந்து ஆண்டு வேலை செய்து தெரிந்துகொள்ள வேண்டியதை ஐந்து ஆட்டங்களில் தெரிந்துகொண்டேன். அவர் பொன்னையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டே இருப்பார்; பக்கத்துக் கூட்டாளி நாடு எரிந்துகொண்டிருக்கும்போதும் ஒரு வீரனை அனுப்ப மாட்டார். அடுத்த ஆண்டு சம்பள உயர்வுப் பட்டியல் வந்தபோது நாங்கள் யாரும் வியப்படையவில்லை. 2022இல் அதே ஆட்டத்துக்கு வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்று ஓர் இனமும், இராசேந்திர சோழனின் படையெடுப்பும், உருமி என்னும் சுருள்வாள் வீசும் வீரர்களும் இருக்கிறார்கள் என்று மகன் காட்டினான். அறுபது வயதைத் தாண்டிக் கடாரம் வென்றேன்.

தம்பி அரைத்தூக்கம், என் பார்வையில் உங்கள் இருவரிடமும் குற்றமில்லை. உங்களைச் சிட்னிக்கும் அவரை நியூயார்க்குக்கும் வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். இருவரும் தூங்குவது மட்டும் பி.டி.எம்மில். அந்த இரண்டு அலுவலகங்களில் எதுவும் இந்தப் பில்லில் ஒரு ரூபாயும் கட்டப்போவதில்லை. அதற்காக நீங்கள் சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சண்டை போடுவதானால் முதல் சண்டையை உங்கள் மேலாளரிடம் போட்டுப் பாருங்கள்: மாதத்தில் இரண்டு வாரமாவது ஷிஃப்ட்டைச் சுழற்சியில் மாற்றித் தருவாரா என்று.

கோரமங்களா கறார் | செப்டம்பர் 13, இரவு 8.50

பெரியவர் சொன்ன பிறகு நான் எழுதியதை மறுபடி படித்தேன். கடுமையாகத்தான் இருக்கிறது. காரணம் சொல்கிறேன்.

என் பழைய அறைத்தோழர் சத்தமே போடாமல் விளையாடுவார். கைப்பேசியில், பணம் வைத்து, ரம்மி. மூன்று மாதம் அவருடைய வாடகைப் பங்கை நான் கட்டினேன். அட்வான்ஸ் பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனார். அந்த அட்வான்ஸும் நான் போட்டதுதான் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. போன மாதம் 22ஆம் தேதி, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்யும் மத்தியச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தபோது, எனக்கு மட்டும் இரண்டு வருடம் தாமதமாகத் தெரிந்தது.

ஆகவே 'ஆட்டம்' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கத்திக்கொண்டு ஆடுபவனிடம் ஒரு நன்மை இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது: அவன் என்ன ஆடுகிறான் என்பதாவது வீட்டுக்குத் தெரியும். ஆனால் தூக்கம் தேவை என்ற என் கட்சியை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இருவர் சமையலறை | செப்டம்பர் 14, ஞாயிறு, காலை 10.05

விவேக் நகரிலிருந்து எழுதுகிறேன். அறைத்தோழர்கள் அல்ல, கணவன் மனைவி, சிக்கல் ஒன்றுதான். திருமணமான புதிதில் அவர் தனியாக விளையாடுவார், நான் பக்கத்தில் அமர்ந்து முறைப்பேன். பிறகு ஒரு நண்பர் ஓவர்குக்டு என்ற ஆட்டத்தைக் கொடுத்தார். இருவர் முதல் நால்வர்வரை ஒரே சமையலறையில் காய் நறுக்கி, அடுப்பில் ஏற்றி, தட்டில் வைத்து, மணி அடிப்பதற்குள் பரிமாற வேண்டும். அழுக்குத் தட்டுகள் திரும்பி வந்து குவியும். யாராவது கழுவாவிட்டால் அடுத்த உணவைப் பரிமாறத் தட்டு இருக்காது. மூன்றாம் நாள் நான் கவனித்தது, எத்தனை நெருக்கடி வந்தாலும் என் கணவர் தட்டு கழுவும் தொட்டியின் பக்கமே போவதில்லை என்பதை. "ஆட்டத்தில்கூடவா?" என்று கேட்டேன். அன்று நிஜத் தொட்டியிலும் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அது எத்தனை நாள் நீடித்தது என்பதை அவர் மானம் கருதி எழுதாமல் விடுகிறேன்.

பிறகு வெண்பா விளையாடினோம். 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, 2023இல் வந்தது. அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் சில வரிகள் அழிந்திருக்கும், நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதல் சமையலே இட்லி. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போகும் என்பதே புதிர். லண்டனில் பாஃப்டா விருது வாங்கிய ஆட்டம். அதில் என் மாமியார் எனக்குச் சொல்லித்தராத ஒன்றை நான் கற்றேன் என்பதை மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

அரைத்தூக்கம் அவர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஆடுங்கள். சத்தம் குறையாது. ஆனால் தெரிந்த சத்தத்தில் மனிதனுக்குத் தூக்கம் வரும். ரயில் பாதையோரம் குடியிருப்பவர்களைப் பாருங்கள்.

நாலங்குலச் சுவர் | செப்டம்பர் 14, காலை 11.20

மேலே சொன்னதில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். ரயில் சத்தம் ஒரே சீராக வந்து போகும், பழகிவிடும். "டேய், ஒருத்தன்தான் மிச்சம்" என்பது பழகாது. சொற்கள் புரியும்வரை மூளை கேட்டுக்கொண்டே இருக்கும். அதுவும் தாய்மொழியில் என்றால் கேட்கவே வேண்டாம். மேசையை நகர்த்துவதை முதலில் செய்யுங்கள், சமையல் ஆட்டத்தைப் பிறகு ஆடலாம்.

அரைத்தூக்கம் | செப்டம்பர் 14, இரவு 7.45

இன்று காலை இட்லி சாப்பிடும்போது பேச்சை எடுத்தேன். தட்டுகளை மாற்றி அடுக்கியிருந்தேன், நன்றாகவே வெந்திருந்தது.

ஐந்துக்கு நான்கு சொன்னபடி "நிறுத்து" என்ற சொல்லைத் தவிர்த்தேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடியற்காலை 4 மணிக்கு நீங்கள் கீசரைப் போட்டுவிட்டு மிக்சியில் சட்னி அரைக்கிறீர்களே, அப்போது நான் தூங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது, நான் என்றாவது சொன்னேனா?" என்று கேட்டார். எனக்கு இது உறைக்கவே இல்லை. ஒரு வருடமாக நான் அவருக்குச் செய்துகொண்டிருப்பதும் அதேதான். வங்கி நண்பர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "நான் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார். எங்கள் இருவரையும்விட அவர்தான் அதிகம் பாதிக்கப்பட்டவர் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

செய்துகொண்ட ஏற்பாடு இது. சட்னியை நான் முந்தைய மாலையே அரைத்து வைத்துவிட வேண்டும். அவருடைய மேசை பால்கனிப் பக்கச் சுவருக்கு நகர்ந்துவிட்டது. மூவருமாக நகர்த்தினோம், பின்னால் இரண்டு வருடத் தூசியும் என் காணாமல்போன சார்ஜரும் இருந்தன. அவருடைய ஹெட்செட்டில் சைடுடோன் இருந்தது, இயக்கிவிட்டார். விசைப்பலகையை மாற்ற மறுத்துவிட்டார். அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அடித்த மாதிரியே இல்லை என்கிறார். அதற்குப் பதிலாக அடியில் தடித்த விரிப்பு போட்டிருக்கிறார். மூன்று விசிறிகளுக்கான தொகையை மூவரும் சமமாகப் பகிர்கிறோம். பில் 200ஐத் தாண்டினால் அந்த மாதத் தொகையில் பாதி அவருடையது. இந்தப் பாதியை அவரே முன்வந்து சொன்னார்.

மாரத்தஹள்ளி விடுதி கேட்டதையும் கேட்டேன். "ஒரு முறை கண்டித்தேன், என்னை அணியிலிருந்து வாக்கெடுத்து வெளியேற்றினார்கள், அதற்குப் பிறகு மியூட் செய்துவிடுகிறேன்" என்றார். இது பாஸா ஃபெயிலா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மாரத்தஹள்ளி விடுதி | செப்டம்பர் 14, இரவு 9.10

கிரேஸ் மார்க்கில் பாஸ். மியூட் செய்வது அவருக்கு நிம்மதி, அந்தப் பெண்ணுக்கு அல்ல என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஐந்துக்கு நான்கு | செப்டம்பர் 15, திங்கள், அதிகாலை 12.40

விசைப்பலகை விஷயத்தில் அவர் பக்கம் நான்.

அரைத்தூக்கம் | செப்டம்பர் 21, ஞாயிறு, மாலை 5.30

ஒரு வாரத்துக்குப் பிந்தைய நிலவரம். ஏழு இரவுகளில் ஐந்தில் முழுத் தூக்கம். ஒன்றில் அவர் அணி 12-12 என்று சமநிலைக்குப் போய்க் கூடுதல் சுற்று ஆடியதால் வீடே விழித்தது. அந்த இரவு வென்றார்களா என்று காலையில் நானே கேட்டேன். மற்றொன்றில் அவர் கதவைச் சாத்த மறந்துவிட்டார்.

அல்சூர் ஐயா சொன்ன சண்டையையும் போட்டுப் பார்த்தேன். சுழற்சி ஷிஃப்ட்டுக்கு மேலாளர் இசையவில்லை. அதோடு அக்டோபர் 5ஆம் தேதியை நினைவூட்டினார். அன்று சிட்னியில் கோடைக்காலக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். நம் நாட்டில் கடிகாரத்தைத் தொடுவதில்லை என்பதால் என் ஷிஃப்ட் 4.30க்குத் தொடங்கும், நான் 3 மணிக்கு எழ வேண்டும். இதை வீட்டில் சொன்னபோது சிறிய அறை நண்பர் கைப்பேசியில் எதையோ தேடிவிட்டுச் சிரித்தார். நவம்பர் 2ஆம் தேதி அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறார்களாம். அவருக்கு வேலை முடிய 11.30, வீடு வந்து சேர 12.15. அவர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள், இவர்கள் ஒரு பக்கம் இழுக்கிறார்கள்.

அவர் கணக்குப்படி நவம்பரில் கடைசி மேட்ச் முடிய 3 மணி ஆகும். நான் எழுவதும் 3 மணிக்கு. சமையலறையில் இருவரும் சந்தித்துத் தேநீர் குடிப்பது என்று முடிவாகியிருக்கிறது. எனக்கு அது காலைத் தேநீர், அவருக்குப் படுக்கப் போகுமுன் கடைசித் தேநீர். அந்நேரத்துக்குப் பால் வண்டி வராது என்பதால் முந்தைய மாலையே நந்தினி பாக்கெட் ஒன்றைக் கூடுதலாக வாங்கி வைக்க வேண்டும். அதை யார் வாங்குவது என்பதில்தான் வங்கி நண்பர் இப்போது எங்கள் இருவரோடும் பேசாமல் இருக்கிறார்.